சின்னக் கல்லும் சரிவும்

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

வீட்டைத் திருத்துவதற்கு மாதிரியாக நீ அனுப்பிய ஒன்பது படங்களும் வந்து சேர்ந்தன. அம்மா ஒவ்வொன்றையும் விரலால் விரித்துப் பார்த்துக்கொண்டே போய் ஏழாவதில் நின்றுவிட்டாள். நீலமும் பச்சையும் கலந்த கண்ணாடி மொசைக், குளியலறையின் நாலு சுவரிலும், நிலத்திலிருந்து கூரை வரை. "விடியற்காலையில் வாவியைப் பார்ப்பது போல இருக்கிறது" என்றாள். எனக்கும் அழகாகத்தான் பட்டது. அதனால்தான் இரண்டு நாள் பதில் எழுதவில்லை.

வீடு உன்னுடையது. எங்கள் பக்க வழக்கப்படி உனக்கென்று கட்டி, உன் பெயருக்கு உறுதி முடித்துத் தந்த வீடு. நீ லண்டனில் இருக்க, அதில் நாங்கள் குடியிருக்கிறோம். குடியிருப்பவன் வீட்டுக்காரிக்குச் சட்டம் சொல்லக் கூடாது. ஆனால் இவன் மேசனாக 38 வருடம் சாந்தகப்பை பிடித்தவன்; வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகவில்லை.

மொசைக் கற்கள் தாள் தாளாக ஒட்டித்தான் வரும். அந்தப் படத்தில் அப்படி ஒரு தாளை எண்ணிப் பார்த்தேன். அகலத்தில் 15, உயரத்தில் 15, ஆக 225 கற்கள். ஒரு கல் 2 சென்ரிமீற்றர், இடைவெளி 2 மில்லிமீற்றர் என்று வைத்தால், ஒரு சதுர மீற்றருக்குள் ஏறத்தாழ 90 மீற்றர் கிரவுட் கோடு, அதாவது கல்லிடுக்கை அடைக்கிற சிமெந்துக் கோடு, ஓடுகிறது. இப்போது பதித்திருக்கும் இரண்டடி டைல்ஸில் அதே பரப்புக்கு மூன்றேகால் மீற்றர்தான். கடையில் எல்லோரும் கல்லைப் பார்த்து வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு வருடக்கணக்காகத் தேய்ப்பது அந்தக் கோடுகளை. கண்ணாடியில் அழுக்கு தங்காது, ஒரு துணி போதும். கோட்டில் தங்கும்.

நம் கிணற்றுத் தண்ணீர் உனக்கு மறந்திருக்காது. வெள்ளை வாளி ஒரு மாதத்தில் காவி கட்டும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்தும், குளிக்கக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று அம்மா மோட்டாரைப் போடுகிறாள். நாலு சுவரிலும் அந்தக் காவி கோடு கோடாக இறங்கினால் யார் தேய்ப்பது? அசிட் ஊற்றலாம் என்பார்கள். ஊற்றினால் காவியோடு சேர்ந்து கிரவுட்டும் கரையும், அது சிமெந்துதானே.

போன வருடம் நீங்கள் பார்சலோனாவில் எடுத்த படம் ஞாபகம் இருக்கிறதா? கௌடி என்ற கட்டிடக் கலைஞரின் பூங்காவில் பாம்பு மாதிரி நெளிந்து போகும் வாங்கில் பிள்ளைகள் இருக்கிற படம். 1900 முதல் 1914 வரை கட்டிய இடம் என்று மருமகன் கீழே எழுதியிருந்தார். நீ அதன் நிறங்களைப் பற்றி எழுதினாய். நான் முதுகு சாய்கிற அந்த வளைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழு ஓடு வளையாது, மகள். வளைந்த இடத்தில் அதை ஒட்ட வேண்டுமென்றால் உடைக்கத்தான் வேண்டும். அந்த மேசன்மார் உடைத்த துண்டுகளால் வாங்கைப் போர்த்திருக்கிறார்கள். மினுக்கத்துக்காக மட்டும் செய்த வேலையல்ல அது.

குளிக்கிற இடத்துத் தரையும் அப்படி வளைந்த இடந்தான், கண்ணுக்குத் தெரிவதில்லை. நாலு பக்கமும் நடுத் துவாரத்தை நோக்கிச் சரிய வேண்டும், அடிக்குக் கால் அங்குலமாவது. இரண்டடி டைல்ஸ் அந்தச் சரிவுக்கு மடங்காது. மூலைக்கு மூலை வெட்டிப் பதித்தால் ஒழிய, எங்காவது ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும்.

அம்மா போன ஐப்பசியில் விழுந்தது அந்த மூலையில்தான். படியில் சறுக்கினாள் என்று உனக்குச் சொன்னோம். படியல்ல. அந்த டைல்ஸைப் பதித்தவன் வேறு யாருமல்ல, நான். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்று முகம் தெரிகிற மாதிரிப் பளபளப்பாக வாங்கி, வெட்டினால் அழகு கெடும் என்று முழுசு முழுசாகப் பதித்தேன்.

இத்தனைக்கும் நான் கண்ணால் கண்டவன். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையோர நாவலடிக்குப் போனபோது, நான் வேலை செய்த வீடுகளைத் தரையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். சுவர்கள் இல்லை. மணலைக் காலால் தள்ளினால் சிவப்புப் பொலிஷ் போட்ட விறாந்தை, கொஞ்சம் தள்ளி ஒரு குளியலறைத் தரை. வெள்ளையும் கறுப்புமாக ஓரங்குலக் கற்கள். வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து ரயிலில் கொண்டுவந்து தந்தவை. இந்த நொட்டை வேலைக்கு யார் குந்தியிருப்பது என்று முணுமுணுத்துக்கொண்டே பதித்தேன். ஒரு கல் கழன்றிருக்கவில்லை, சரிவும் அப்படியே இருந்தது. அதைக் கண்டுவிட்டு வந்தும் உன் வீட்டுக்கு இரண்டடி டைல்ஸ் வாங்கினேன்.

ஆகவே மொசைக் போடுவோம், ஆனால் காலுக்கடியில். கண்ணாடி வேண்டாம், மினுக்கம் பூசாத போர்சிலின், ஓரங்குலமோ இரண்டங்குலமோ. சுவருக்கு நான் பழிசொன்ன அதே கோடுகள் தரையில் நன்மை செய்யும். ஈரக் கால் வழுக்கப் பார்க்கும்போது விரலுக்கு ஒரு பிடி கிடைக்கும். பளிங்குக் கல் மொசைக்கையும் சிலர் காட்டுவார்கள். தேசிக்காய்ச் சாறு பட்டாலே அதில் வெளிறிய தழும்பு விழும். சீயக்காயோடு தேசிக்காயும் தேய்த்துக் குளிக்கிற வீட்டுக்கு அது சரிவராது. கல்லுக்கடியில் நீர் காக்கிற பூச்சு இரண்டு கை அடித்து, துவாரத்தை அடைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகுதான் ஒரு கல்லாவது வைக்க விடுவேன். மொசைக் தண்ணீரைத் தடுக்காது, தடுப்பது அடியிலிருக்கிற பூச்சு.

உன் நீலக் கண்ணாடியை நான் தள்ளிவிடவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே, கைகழுவும் தொட்டிக்குப் பின்னால், ஐந்தடிக்கு இரண்டடி. அவ்வளவு போதும், தண்ணீரும் அங்கே அதிகம் தெறிக்காது. வாங்கும்போது ஒன்றைக் கவனி: சில தாள்களில் பின்புறம் வலை ஒட்டியிருக்கும், சிலவற்றில் முகத்தில் காகிதம் ஒட்டியிருக்கும். எனக்குக் காகிதம் ஒட்டியதுதான் பிடிக்கும். பசையில் பதித்து, பலகைத் துண்டை வைத்து மெல்லத் தட்டி, ஸ்பொஞ்சால் காகிதத்தை நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது ஊறி நிறம் மாறியதும் ஒரு மூலையைப் பிடித்துச் சுவரோடு ஒட்டினாற்போல் கீழே இழுத்தால் தோல் உரிகிற மாதிரி வரும். அப்போதுதான் எந்தக் கல் கோணியிருக்கிறது என்று தெரியும். பசை இறுகுமுன் நகத்தால் தள்ளி நேராக்கிவிடலாம். பசை கட்டாயம் வெள்ளையாக இருக்க வேண்டும். சாம்பல் பசை கண்ணாடிக்குள்ளால் தெரிந்து உன் வாவியைச் சேறாக்கிவிடும். கோட்டுக்கு மணல் கலக்காத கிரவுட், மணல் கண்ணாடியைக் கீறும்.

இன்னொரு நுணுக்கம், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். தாளுக்கும் தாளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, கல்லுக்கும் கல்லுக்கும் உள்ளதைவிட ஒரு நூல் கூடினாலும் சுவரில் சதுரம் சதுரமாகத் தாள் தெரியும். வேலை முடிந்த இரவில் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் ஏற்ற இறக்கமும் தெரியும். எனக்கு இப்போது குந்த முடியாது. என்னோடு நின்று பழகிய பொடியன்தான் பதிப்பான். டோர்ச் நான் பிடிப்பேன்.

குசினிக்கும் ஒரு படம் அனுப்பியிருந்தாய். அடுப்புக்குப் பின்னால் வெள்ளைக் கிரவுட்டா? மஞ்சள் போட்டு மீன் பொரிக்கிற வீடு இது. அங்கே பெரிய டைல்ஸே இருக்கட்டும்.

எதை வாங்கினாலும் பத்துக்கு ஒன்று கூடுதலாக, ஒரே தொகுதி இலக்கம் உள்ள பெட்டிகளாக எடுக்க வேண்டும். அடுத்த வருடம் போய் அதே நீலம் கேட்டால் கிடைப்பது வேறொரு நீலம்.

நேற்றுப் பட்டணத்துக்குப் போய், நான் சொல்கிற போர்சிலினில் ஒரு தாள் மட்டும் வாங்கி வந்தேன். குளிக்கிற இடத்தில் வைத்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அம்மாவை ஏறி நிற்கச் சொன்னேன். ஒரு கையால் கதவைப் பிடித்தபடிதான் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் கதவை விட்டுவிட்டாள். "காலுக்குச் சொரசொரவென்று நன்றாக இருக்கிறது" என்றாள்.

கிரவுட் நிறத்தை மட்டும் நீ சொல்: சாம்பலா, கடற்கரை மண் நிறமா? வியாழனுக்குள் சொன்னால் நல்லது. வெள்ளிக்கிழமை பொடியன் பழைய டைல்ஸை உடைக்க வருகிறான், மாரி தொடங்குமுன் கோடு காய்ந்துவிட வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஏழாவது படத்தில் கதவுக்குப் பின்னால் இருக்கும் துவாய்க் கொளுவி எங்கே கிடைக்கும் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.