பாட்டிக்காகப் பாடிய பாட்டு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்காதே, எழுதாதே என்று வீட்டில் ஆளாளுக்குக் காவல். இப்போது காலண்டரில் ராகுகாலம்கூடக் கண்ணாடி இல்லாமல் தெரிகிறது. பேத்தி பிறந்த செய்தி எங்கள் எல்லாருக்கும் பெரிய சந்தோஷம். பெயர் வைத்தாயிற்றா?

கண்ணை மூடிக் கிடந்த நாளெல்லாம் பாட்டுத்தான். ராக் பாடுகிறவர்கள் குடியும் போதையுமாகத் திரிந்துவிட்டு ஏன் கன்ட்ரி பாட்டை, அந்த அமெரிக்கக் கிராமத்துப் பாட்டை, தேடிப் போகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நான் அமெரிக்கப் பாடகர் கிராம் பார்சன்ஸை மட்டும் வைத்துச் சொல்கிறேன். சின்ன வயதில் வீட்டில் கேட்ட பாட்டு அது. வீடு போன பிறகு அவருக்கு மிச்சமிருந்தது அதுதான்.

ஜார்ஜியாவில் வேக்ராஸ் என்ற ஊரில் வளர்ந்தவர். தாய்வழித் தாத்தாவுக்கு ஃப்ளோரிடாவில் பெரிய ஆரஞ்சுத் தோட்டங்கள், பணத்துக்குக் குறைவில்லை. 1958இல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு அப்பா தற்கொலை செய்துகொண்டார். பையனுக்கு 12 வயது. 1965இல், பள்ளிப் படிப்பு முடித்த அதே நாளில் அம்மா இறந்துபோனார், குடியால். அப்புறம் ஹார்வர்டில் சேர்ந்து, ஒரு பருவத்தோடு வெளியே வந்துவிட்டார்.

1968இல் பேர்ட்ஸ் குழுவில் சேர்ந்தார். சேர்ந்த சில வாரத்திலேயே அந்த ராக் குழு கன்ட்ரி பாட்டின் தலைநகரான நாஷ்வில்லில் கன்ட்ரி பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தது. அந்த மார்ச்சில் அங்கே கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி நிகழ்ச்சியின் மேடை கிடைத்தது. அது நடந்த ரைமன் அரங்கம் முன்பு வழிபாட்டுக் கூடமாக இருந்தது. உட்கார நீள மர பெஞ்சுகள். நிகழ்ச்சி வானொலியில் நேரடியாகப் போகும். ஹிப்பிகள் எங்கள் மேடையில் என்ன செய்கிறார்கள் என்று கூட்டத்தில் கேலி. அடுத்தது கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகார்ட் பாட்டு என்று அறிவித்தாயிற்று. கிராம் மைக்கின் முன் வந்து, இது என் பாட்டிக்காக என்று சொல்லிவிட்டு, தன்னுடைய 'ஹிக்கரி விண்ட்'டைப் பாடினார். சொன்ன பாட்டை மாற்றியதில் நிகழ்ச்சிக்காரர்களுக்குக் கடும் கோபம். எனக்கு அந்த இடம்தான் மனதை விட்டுப் போகவில்லை. 21 வயதுப் பையன், எதிரே சிரிக்கிற கூட்டம், அந்த நேரத்தில் பாட்டியை நினைக்கிறான்!

பிறகு பேர்ட்ஸ் குழுவின் கிறிஸ் ஹில்மனோடு ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் என்ற குழு, அடுத்த வருடம் அதன் முதல் இசைத்தட்டு. அந்த இசைத்தட்டு அட்டையில் கிராம் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைப் பார். முன்பக்கம் கஞ்சா இலை, கசகசாப் பூ, மாத்திரை எல்லாம் பூவேலையாகத் தைத்திருக்கும். முதுகில் பெரிய சிலுவை. கன்ட்ரி பாடகர்களுக்குத் தைக்கும் நூடி கடையிலேயே தைத்தது. கூடவே ஸ்னீக்கி பீட்டின் பெடல் ஸ்டீல் கிட்டார். இரும்புத் துண்டைக் கம்பிமேல் இழுத்துக்கொண்டே காலால் பெடலை அமுக்க, சுரம் வழுக்கி ஏறும். கோட்டுவாத்தியம் கேட்ட காதுக்கு அந்த இழுப்பு உடனே பிடித்துப்போகும்.

ஆனால் நீ கேட்கவேண்டியது எமிலூ ஹாரிஸோடு அவர் பாடியவை. வாஷிங்டனில் நாட்டுப்புறப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். எல்விஸின் கிட்டார்காரர் ஜேம்ஸ் பர்ட்டனும் வாசித்தார். கிராமின் குரல் மேலே போகும்போது உடையும். உடைகிற இடத்தில் எமிலூவின் குரல் வந்து தாங்கிக்கொள்ளும். இருட்டில் படுத்துக்கொண்டு அந்த ஒரு இடத்தையே எத்தனை தடவை கேட்டேனோ.

1973 செப்டம்பர் 19, கலிஃபோர்னியாவின் பாலைவன ஊரான ஜாஷுவா ட்ரீ, விடுதியில் எட்டாம் எண் அறை. மார்ஃபினும் மதுவும். வயது 26. உடலை நண்பர்கள் விமான நிலையத்திலிருந்து கடத்திப்போய்ப் பாலைவனத்தில் எரித்த கதை உனக்குத் தெரியும். அவர் பெயரைச் சொன்னாலே எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அது வருத்தம். அவரோடு இரண்டு தனி இசைத்தட்டுகளில் பாடிய பெண், ஜேம்ஸ் பர்ட்டனையும் சேர்த்துக்கொண்டு அதே பாட்டு வழியைப் பிடித்து நடந்தார். 2008இல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரும் சேர்ந்தது. அதையல்லவா பேசவேண்டும்?

விடுதி அறையில் நாம் கேட்ட அந்த கேசட் உன்னிடம்தானே இருக்கிறது? பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா. நாடா சிக்கியிருந்தாலும் பரவாயில்லை, பென்சில் போட்டுச் சுற்றிக்கொள்ளலாம். தங்கச்சிக்கு என் விசாரிப்பு, குழந்தைக்கு முத்தம்.

உன்,
அறைத்தோழன்