குமரி மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு மார்த்தாண்டம் பக்கம் தேங்காய்ச் சிரட்டைக் கரி வியாபாரம் பார்ப்பவன் நான். உங்கள் மாணவர்கள் புராஜெக்டுக்காக ஒரு கவர் கரிப்பொடி கேட்டு வருவார்கள். எதற்கு என்றால் "கார்பன் டாட் எடுக்க அண்ணா" என்பார்கள். சில நானோமீட்டரே அளவுள்ள, ஒளிரும் கார்பன் துகள்கள்தான் அவை. அப்புறம் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் குப்பியின் படம் வாட்ஸ்அப்பில் வரும். அதோடு சரி.

ஒளிர்வது பெரிய காரியமில்லை. எலுமிச்சைச் சாற்றை ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலனில்) வைத்துச் சூடாக்கினாலும் ஒளிரும். ஒரு கிலோ பொடியில் எத்தனை கிராம் தேறியது, செலவான அமிலம் எங்கே போனது என்பதைத்தான் வைவாவில் கேட்க வேண்டும்.

2013இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு நிலக்கரியிலிருந்து கிராஃபீன் குவாண்டம் புள்ளிகளை எடுத்தது. கிராஃபீன் என்பது ஓரணு தடிமனுள்ள கார்பன் தாள்; அதன் நானோ துணுக்குகளான இந்தப் புள்ளிகளும் கார்பன் டாட் வகைதான். நிலக்கரிக்குள் கிராஃபைட் போன்ற நானோ துணுக்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பிணைத்திருக்கும் ஒழுங்கற்ற கார்பனை அமிலம் அரித்துவிட்டால் கழன்று வந்துவிடும். அழகான யோசனைதான். ஆனால் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்து ஒரு நாள் முழுக்கச் சூடாக்க வேண்டும், காரம் விட்டுச் சமன்செய்ய வேண்டும், பிறகு உப்பைச் சவ்வு வழியே பிரித்தெடுக்க நாட்கணக்கில் டயாலிசிஸ். அந்தக் கழிவைச் சிங்கில் ஊற்றிப் பழையாற்றுக்கு அனுப்பிவிட்டு அறிக்கையில் 'பசுமை வேதியியல்' என்று எழுதினால் அது எந்த ஊர் நியாயம்?

அசாமில் ஜோர்ஹாட்டிலுள்ள மத்திய அரசு ஆய்வகம் ஹைட்ரஜன் பெராக்சைடும் மீயொலியும் கொண்டு தரங்குறைந்த நிலக்கரியிலிருந்தே கார்பன் டாட் எடுத்திருக்கிறது. 2020இல் ரைஸ்காரர்களே அமிலத்தை விட்டுவிட்டார்கள். பொடிக்குள் மின்சாரத்தை ஒரே வீச்சில் பாய்ச்சிச் சுமார் 3000 கெல்வினுக்குக் கொண்டுபோனால் நொடிக்கும் குறைவான நேரத்தில் கிராஃபீன். நிலக்கரி, பழைய டயர், உயிர்க்கரி எல்லாம் ஆகும். அந்த மின்சாரத்தைச் சேர்த்துவைத்துப் பாய்ச்சும் கப்பாசிட்டர் விஷயம் ஆபத்தானது, இயற்பியல் துறையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் போதாதா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். அதில் பெரும்பங்கு சிலிக்காவும் அலுமினாவும். எரியாத கார்பன் கொஞ்சம்தான். அது செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் போகட்டும். நிலக்கரித் தூளே வேண்டுமென்றால் தூத்துக்குடித் துறைமுகத்தில் கேட்டுப் பாருங்கள், கப்பல் கப்பலாக அங்கேதான் இறங்குகிறது.

எங்கள் கரி வேறு ஜாதி. சல்லடையில் நிற்கும் கட்டியை ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைகள் தேடி வாங்கும். கீழே விழும் பொடி ஷெட் மூலையில் கிடந்து, சாரலில் நனைந்து கூழாகும். நுண்துளை நிறைந்த இந்தக் கார்பன் எவ்வளவு சூடாக்கினாலும் லேசில் கிராஃபைட் ஆகாது. அதனால் நிலக்கரிக்கு எழுதிய செய்முறையை இதன் மேல் அப்படியே ஒட்ட முடியாது.

ஆகவே என் கோரிக்கை: நிலக்கரித் தூளையும் சிரட்டைக் கரிப்பொடியையும் ஒரே முறையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். விளைச்சலையும் கழிவுநீர்க் கணக்கையும் எழுதுங்கள். சிரட்டை தோற்றால் தோற்றது என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை. பொடி மூட்டையாகவே தருகிறேன், காசு வேண்டாம். இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னால் வண்டி அனுப்பினால் காய்ந்ததாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு கரி வியாபாரி