கலாம் ஐயாவின்ர ஞாபகப் பொருள்களை லமினேட் பண்ணாதேங்கோ

வணக்கம் ஆசிரியர் ஐயா,

கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கமெல்லாம் இப்ப கொஞ்சப் பெடியள் அப்துல் கலாம் ஐயாவின்ர ஞாபகப் பொருள்கள் சேர்க்கினம். முத்திரை, அவர் கையெழுத்து வைச்சது எண்டு விக்கிற போட்டோ, ராமேஸ்வரம் போற ஆக்கள் வேண்டிக்கொண்டு வாற படம், கீசெயின் இப்பிடி. நல்ல விசயம், நானும் சேர்க்கிற ஆள்தான். ஆனா காசைக் கொட்டுறது ஒரு பக்கம், கவனிக்க வேண்டிய சாமான் கிடந்து பழுதாப்போறது இன்னொரு பக்கமா இருக்கு, அதைச் சொல்லத்தான் எழுதுறன்.

எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் பேஸ்புக்கில ஆரோ ஒராளிட்ட 25,000 ரூவா குடுத்துக் கையெழுத்துப் போட்டோ ஒண்டு எடுத்தவன். என்னட்டக் கொண்டு வந்து காட்டேக்க லென்ஸ் வைச்சுப் பாத்தன், கையெழுத்துக் கோடு முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளியாத் தெரியுது, படத்தில அவற்ற முகத்தில இருக்கிற அதே புள்ளியள், அப்ப படமும் கையெழுத்தும் ஒண்டா பிரிண்ட் பண்ணினதுதான். பேனையால வைச்ச கையெழுத்தெண்டா மை ஒரே கோடா ஓடியிருக்கும், ஒரு கோட்டை மற்றக் கோடு வெட்டுற இடத்தில கொஞ்சம் கறுத்துக் கிடக்கும், போல்பேனை எண்டா மட்டையைச் சரிச்சு வெளிச்சத்தில பிடிக்க அமத்தின தடமும் தெரியும். பெடியன்ர முகத்தைப் பாக்க எனக்கு வயிறெரிஞ்சுது. வித்தவர் அதுக்குப் பிறகு போனே எடுக்கேல்ல. தம்பிமாரே தங்கச்சிமாரே, காசு குடுக்க முதல் ஒரு சின்ன லென்ஸ் வேண்டி வைச்சுக்கொள்ளுங்கோ, போனில அனுப்புற படத்தைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ.

பெரிய காசில்லாம நம்பிச் சேர்க்கக்கூடியது முத்திரைதான். அவர் காலமாகி மூண்டு மாசம் ஆக முதலே, அவற்ற பிறந்த நாளான ஒக்டோபர் 15இல, 2015இல இந்தியத் தபால் திணைக்களம் அவற்ற படம் போட்ட முத்திரை வெளியிட்டது. முதல்நாள் உறையோட (முத்திரை வெளியிட்ட அண்டைக்கே அதை ஒட்டித் திகதி குத்தின கடித உறை) கிடைச்சா இன்னும் நல்லது, திகதி முத்திரையும் சேர்ந்து கிடக்கும். ஆனா கனபேர் கவனிக்காத ஒண்டு இருக்கு, 1981இல வந்த எஸ்எல்வி-3 றொக்கட் முத்திரை. அவற்ற முகம் அதில இல்ல. ஆனா அந்த றொக்கட்டுக்குத் திட்டப் பணிப்பாளரா இருந்தவர் அவர்தான். 1979 ஓகஸ்ட் 10இல முதல் தரம் ஏவினது வங்காள விரிகுடாவுக்குள்ள விழுந்து போச்சு, அடுத்த வருசம் ஜூலை 18இல ரோகிணி செய்மதியை மேல கொண்டுபோய் விட்டது. 2002இல ஜனாதிபதியா வரமுதலே அவர் ஆர் எண்டு காட்டினது அதுதானே. என்னைக் கேட்டா முகம் போட்டதை விட அந்த முத்திரைக்குத்தான் மதிப்புக் கூட.

ராமேஸ்வரம் போறவைக்கும் ஒரு சொல். ஆடி அமாவாசைக்குப் போனாலும் சரி, சும்மா போனாலும் சரி, பேய்க்கரும்பில இருக்கிற நினைவிடத்துக்கும் அவற்ற வீட்டுக்கும் கட்டாயம் போங்கோ. அந்த நினைவிடம் 2017 ஜூலை 27இல திறந்தது, அவர் முந்தி வேலை செய்த டிஆர்டிஓ எண்ட இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்தான் கட்டினது. அங்க சுத்திவரக் கப், மட்டை, காந்தம் எல்லாம் விப்பினம், ஆசைக்கு ஒண்டு வேண்டலாம். ஆனா அதில எழுதியிருக்கிற பொன்மொழியெல்லாம் அவர் சொன்னது எண்டு நம்பிச் சுவரில மாட்டாதேங்கோ, அவர் சொல்லாததுகளும் அவற்ற பேரில கனக்க ஓடித் திரியுது.

இனித்தான் நான் முக்கியமாச் சொல்ல வந்தது. கலாம் ஐயா 2012 ஜனவரியில இலங்கைக்கு வந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலயும் வந்து பிள்ளையளோட கதைச்சவர். அந்த நேரம் எங்கட சனத்தில ஒரு பகுதி இன்னும் யுத்தத்தில இடம்பெயர்ந்த ஆக்களை வைச்சிருந்த மெனிக்பாம் முகாமில கிடந்தது, அது மூடினது அந்த வருசம் செப்டெம்பரில. ஊருக்குத் திரும்பின நாங்களும் தறப்பாள் கொட்டிலுக்கதான் இருந்தனாங்கள். அப்பிடி இருந்தும் இஞ்ச இருந்து பஸ் பிடிச்சுப் போய் அவரைப் பாத்த ஆக்கள் இருக்கினம், எனக்குத் தெரிஞ்ச வாத்தியார் ஒராள் தன்ர கொப்பியில அண்டைக்குக் கேட்டதைக் கிறுக்கிக்கொண்டு வந்தவர், இண்டைக்கும் வைச்சிருக்கிறார். அந்தக் கொப்பியை ஒருத்தரும் விலை பேச வரமாட்டினம். ஆனா அது எங்கட சாமான், வேற எங்கயும் கிடைக்காது. முந்தி வைச்சிருந்த அல்பம், போட்டோ, சேட்டிபிக்கற் எல்லாத்தையும் 2009இல விட்டிட்டு வந்த சனத்துக்கு, பிறகு வந்த இப்பிடிச் சாமானாவது மிஞ்ச வேணும்.

அண்டைக்கு எடுத்த போட்டோக்கள் இப்ப எங்க? பழைய நொக்கியா போனிலயும் மெமரி காட்டிலயும். காட் பழுதானாப் படமும் போச்சு, இப்பவே கொம்பியூட்டரில ஏத்தி ரெண்டு இடத்தில வையுங்கோ.

பேப்பரும் அப்பிடித்தான். 2015 ஜூலை 27 பின்னேரம் ஷில்லாங்கில பிள்ளையளுக்கு விரிவுரை செய்துகொண்டிருக்கேக்க விழுந்து காலமானவர், அடுத்த நாள் பேப்பரைக் கனபேர் வெட்டி வைச்சிருக்கினம். அவரே சின்னனில பேப்பர் போட்ட ஆள். ரெண்டாம் உலக யுத்த நேரம் ராமேஸ்வரத்தில ரெயின் நிக்காம ஓட, தனுஷ்கோடி றோட்டில, ஓடுற ரெயினில இருந்து எறியிற பேப்பர்க் கட்டுகளைப் பொறுக்கிக் குடுத்துத்தான் முதல் சம்பளம் எடுத்தவர். அப்பிடிப்பட்டவற்ற செய்தி வந்த பேப்பரை எங்கட ஆக்கள் நல்லா இருக்கட்டும் எண்டு கடையில குடுத்து லமினேட் பண்ணி வைச்சிருக்கினம். அதைத்தான் செய்யக் கூடாது. பேப்பர்த் தாளில இருக்கிற அமிலம் உள்ளுக்கயே கிடந்து மஞ்சளாக்கும், சூட்டில ஒட்டின பிளாஸ்ரிக்கைப் பிறகு உரிக்க ஏலாது, உரிச்சாத் தாளும் சேர்ந்து வரும். செலோரேப்பும் வேண்டாம், நாள் போகப்போக மண்ணிறக் கறைதான் மிச்சம். நல்ல வெள்ளைத் தாளுக்கு நடுவில மடிக்காமத் தட்டையா வைச்சு, ஒரு மட்டைப் பெட்டியில போட்டு, நிலத்திலயும் சுவரோடயும் முட்டாம அலுமாரியின்ர மேல் தட்டில வைச்சாக் காணும். வன்னியில கறையானுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல, மழை துடங்க முதலும் முடிஞ்ச பிறகும் ஒருக்காத் திறந்து பாருங்கோ.

ஆசிரியர் ஐயா, உங்களிட்ட ரெண்டு விசயம் கேக்கிறன். ஒண்டு, 2012இல உங்கட நிருபர்மார் எடுத்த படங்கள் கட்டாயம் இருக்கும், வெளியிடாமக் கிடக்கிறதையும் சேர்த்து அவர் பிறந்த ஒக்டோபர் மாசத்தில ஒரு பக்கம் போடுங்கோ. மற்றது, அவரைப் பாத்த வன்னி ஆக்களிட்ட இருக்கிற போட்டோ, அழைப்பிதழ், குறிப்பு எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி வைக்க ஒரு பாடசாலை நூலகமோ பிரதேச சபை நூலகமோ முன்வருமோ எண்டு உங்கட பேப்பரில கேட்டு எழுதுங்கோ. ஒரிஜினலை ஒருத்தரும் குடுக்கத் தேவையில்ல, ஸ்கான் பண்ணினாப் போல அவையிட்டயே திருப்பிக் குடுக்கலாம். போட்டோக்குப் பின்பக்கம் மெல்லமாப் பென்சிலால திகதி, இடம், நிக்கிற ஆக்களின்ர பேர் எழுதிக்கொண்டு வரச்சொல்லுங்கோ, போல்பேனையால எழுதினா முன்பக்கம் தடம் விழும்.

இப்படிக்கு,
கிளிநொச்சி வாசகன்