புகார்: “டீப் பிரீசருக்கு ஏற்றது” என்று விற்ற உணவுப் பெட்டிகள் குளிரில் உடைவது பற்றி

களுவாஞ்சிகுடி,
மட்டக்களப்பு.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

உங்கள் நிறுவனத்தின் 1 லீற்றர் சதுரப் பெட்டித் தொகுதியை இங்குள்ள உங்கள் முகவரிடம் வாங்கி, மீன், இறால், சமைத்த கறி ஆகியவற்றைப் பிரீசரில் வைக்கப் பாவித்தோம். நாங்கள் வீட்டுச் சாப்பாடு செய்து கொடுக்கும் குழு. காட்போட் உறையில் பனிப்படிகப் படமும் “டீப் பிரீசருக்கு ஏற்றது” என்ற வரியும் இருந்தபடியால்தான் இந்தத் தொகுதியை எடுத்தோம். இப்போது மூடிகளின் கிளிப்புகள் முறிந்தும், சில பெட்டிகளின் அடி வெடித்தும் கிடக்கின்றன.

தொலைபேசியில் முறையிட்டபோது, “கூடுதலாக நிரப்பியிருப்பீர்கள், பலமாக இழுத்திருப்பீர்கள்” என்று பதில் வந்தது. அதை ஏற்க முடியாது. மூடி முறிவதும் அடி வெடிப்பதும் இரண்டு வேறு கோளாறுகள். இரண்டும் உங்கள் பக்கத்துப் பிழைகள்தான்.

முதலில் மூடி. வெறும் பெட்டியை, உள்ளே எதுவும் வைக்காமல், மூடி போட்டு மைனஸ் 18 பாகையில் ஓர் இரவு வைத்து, காலையில் வெளியே எடுத்த உடனே கிளிப்பைத் தூக்கிப் பாருங்கள். மூடியோடு கிளிப் சேரும் மெல்லிய மடிப்பில் வெள்ளைக் கோடு விழும், அடுத்த இழுப்பில் கிளிப் கையோடு வந்துவிடும். அதே வகை மூடியை வெளிச்சூட்டில் வைத்துத் திறந்தால் ஒன்றும் ஆவதில்லை. உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டியில் “கூடுதலாக நிரப்பிய” கதைக்கு இடமில்லை. பெட்டியின் அடியில் முக்கோணத்துள் 5 என்ற இலக்கம் இருக்கிறது, அதாவது பொலிபுரோப்பிலீன். மூடியில் எந்த இலக்கமும் இல்லை. ஆனால் அது முறியும் விதத்தைப் பார்த்தால் அதுவும் சாதாரண பொலிபுரோப்பிலீனாகவே தெரிகிறது. அந்த வகைப் பிளாஸ்டிக் பூச்சியப் பாகையை அண்டியதும் இளக்கத்தை இழக்கத் தொடங்கும். சூட்டுக்கு நல்லது, கடுங்குளிரில் மடக்குவதற்கு ஆகாது. குளிர் தாங்கும்படி எத்திலீன் சேர்த்துச் செய்த பொலிபுரோப்பிலீனோ பொலிஎத்திலீனோ போட்டிருந்தால் இந்தக் கிளிப் வளைந்து கொடுத்திருக்கும். இந்த 5 என்ற இலக்கம் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்லும், பிரீசருக்கு உகந்ததா என்பதைச் சொல்லாது. உங்கள் முகவர் அந்த இலக்கத்தைக் காட்டித்தான் எங்களுக்கு உறுதி சொன்னார். அவருக்கும் யாராவது இதை விளங்கப்படுத்துவது நல்லது.

முறிந்த துண்டுகள் சின்னவை, கண்ணாடிபோல் தெளிந்த நிறம். இறால் கறிக்குள் விழுந்தால் கண்ணில் படாது. காசு நட்டத்தை விட எங்களுக்கு இதுதான் பெரிய கவலை.

அடுத்தது அடி. பெட்டியின் உட்பக்கத்தில் “1000 மி.லீ” என்று ஒரு கோடு போட்டு, “இதுவரை நிரப்பவும்” என்று அறிவுறுத்தல் தாளில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோட்டுக்கும் மூடியின் உட்புறத்துக்கும் இடையே 4 மில்லிமீற்றர்தான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். 1 லீற்றர் தண்ணீர் 1090 மில்லிலீற்றர் அளவு ஐஸ் ஆகும். உங்கள் பெட்டியின் அடி 10 சென்ரிமீற்றர்ச் சதுரம் என்பதால் அந்த 90 மில்லிலீற்றர் மேலெழ 9 மில்லிமீற்றர் உயரம் வேண்டும். இருப்பதோ பாதிக்கும் குறைவு. அதோடு, ஐஸ் வெளிப்பக்கத்தில் இருந்து உள்நோக்கித்தான் கட்டும். நாலு பக்கமும் மேற்பரப்பும் இறுகிய பிறகு நடுவில் மிஞ்சிய நீர் உறையும்போது அது சுவரையும் அடியையும் தள்ளுகிறது. நாங்கள் பார்த்த வெடிப்புகள் எல்லாம் அடியின் நடுவில், வார்க்கும்போது பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த இடத்தில் நிற்கும் அந்தச் சிறு குமிழில்தான் தொடங்கின. மயிரிழை அளவுதான். உறைந்து இருக்கும்வரை தெரியவே தெரியாது. இளகத் தொடங்கியதும் மீன் தண்ணீர் அந்த வழியாக ஒழுகி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் திறந்திருந்த தயிர்ச் சட்டிக்குள் போனது. தயிர் திரும்பச் சமைக்கிற சாமான் அல்லவே. பச்சை மீன் நீர் பட்டால் அதைக் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவு உயரமான பெட்டிக்கு வாயிலிருந்து 2.5 சென்ரிமீற்றர் வெறுமையாக விடும்படி கோட்டைக் கீழே இறக்க வேண்டும். தண்ணீரில் அமிழ்த்திய மீனுக்கும் பாலாணம், சொதி போன்ற தேங்காய்ப்பால் கறிகளுக்கும் அது கட்டாயம். தண்ணீர் குறைந்த பிரட்டலுக்குக் கொஞ்சம் குறைத்தாலும் பாதகமில்லை.

உங்கள் அறிவுறுத்தல் தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்டி உடைந்தால் பெட்டி போனது. அந்தத் தாளில் உள்ளதைச் செய்தால் ஆளுக்கு வருத்தம் வரும்.

“சூடான உணவை உடனே ஊற்றி மூடினால் கிருமி புகாது” என்கிறது தாள். கிருமி வெளியில் இருந்து வந்து புகத் தேவையில்லை. சோற்றிலும் இறைச்சியிலும் உள்ள சில பக்டீரியாக்களின் வித்துகள் கொதியிலும் சாகாமல் உள்ளேயே இருக்கும். 10 சென்ரிமீற்றர் ஆழப் பெட்டியில் சூடான நண்டுக் கறியை மூடி வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வித்துகள் முளைத்துப் பெருக அதுவே போதும். சமைத்த உணவு 60 பாகைக்கும் 5 பாகைக்கும் இடையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் முக்கியம். வெளியில் வைத்திருக்கும் நேரம் 2 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் அடிக்கிற 32 பாகைக்கு மேற்பட்ட வெக்கையில் 1 மணித்தியாலம்தான். கறியை அகலத் தட்டில் பரப்பலாம், அல்லது சட்டியை ஐஸ் போட்ட தண்ணீர்ப் பேசினில் வைத்துக் கிண்டிக் கிண்டி ஆற்றலாம். பிறகு 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாத உயரத்தில் பெட்டியில் இட்டு, நன்றாகக் குளிர்ந்ததும் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடி குழிந்து, றப்பர் வளையம் பள்ளத்தை விட்டு விலகும். அதற்குப் பிறகு அது காற்றுப் புகாத பெட்டி இல்லை.

“மீன் 12 மாதம் அன்று பிடித்ததுபோல் இருக்கும்” என்பது இன்னொன்று. சூரை, கீரி போன்ற எண்ணெய் மீன்கள் 2 அல்லது 3 மாதத்துக்குள் காறல் மணம் பிடித்துவிடும். உறையவைப்பது பக்டீரியாவைத் தூங்க வைக்குமே தவிர, பெரும்பாலும் கொல்லாது. சூரையை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் அதில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் பிரீசரிலும் போகாது, எரித்துப் பொரித்தாலும் போகாது. அதைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு கடிக்கும். வாங்கிய கையோடு குடல் எடுத்துக் கழுவி ஐஸில் வைத்த மீனைத்தான் பெட்டியில் போட வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் எவ்வளவோ புண்ணியம்.

“றப்பர் வளையத்தைக் கழற்ற வேண்டாம்” என்பதையும் நீக்குங்கள். அந்தப் பள்ளத்தில்தான் மீன் எண்ணெயும் கறுப்புப் பூஞ்சணமும் சேர்கின்றன. கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகக் காயவைத்துத்தான் திரும்பப் பூட்ட வேண்டும். வளையம் இழுபட்டுப் போனால் மாற்ற உதிரி வளையம் உங்கள் முகவரிடம் இல்லை. அதற்காக முழுப் பெட்டியையும் வீசுவதா?

மஞ்சள் கறை பிடிப்பதையும் கருவாட்டு மணம் விடாமல் நிற்பதையும் நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. அது எந்தப் பிளாஸ்டிக்குக்கும் உள்ளதுதான்.

ஆகவே, தொகுதியின் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும், அல்லது குளிர் தாங்கும் மூடியும் சரியான கோடும் உள்ள பெட்டிகளை மாற்றித் தர வேண்டும். அதுவரை கடைகளில் உள்ள உறைகளில் பனிப்படிகப் படத்தை மறைத்து ஒட்டுங்கள். இப்போதே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு, பெட்டியை வெளியில் எடுத்துச் சில நிமிடம் விட்டு, கிளிப் கொஞ்சம் இளகிய பிறகே திறக்கும்படி முகவர்கள் மூலம் அறிவியுங்கள். தாளைத் திருத்தி அச்சிடுங்கள்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்வோம். பற்றுச்சீட்டின் பிரதி, வெடிப்புகளின் படங்கள், அறிவுறுத்தல் தாள், முறிந்த கிளிப்புகள் சில ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளோம். உடைந்த பெட்டிகளைக் கழுவிக் கட்டி வைத்திருக்கிறோம். உங்கள் ஆட்கள் வந்து எடுத்துப் பரிசோதிக்கலாம்.

இப்படிக்கு,
உணவுத் தயாரிப்புக் குழுவினர்,
களுவாஞ்சிகுடி.