அந்த டிவியை இன்னும் தூக்கிப் போடாதே

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். இப்போது வீக்கம் வடிந்து நன்றாகத் தூங்குகிறார். உன் மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பாரம் இறங்கியது போல இருந்தது. வலிக்கிறது என்று பயிற்சியை மட்டும் நிறுத்திவிடாதே. படியில் இறங்கும்போது யாராவது கூட இருக்கட்டும். உன் பெண்ணுக்கு வேலை மாற்றம் கிடைத்தது எனக்கும் சந்தோஷம், அவளிடம் சொல்.

சரி, டிவி விஷயத்துக்கு வருகிறேன். நாலே வரிதான் எழுதியிருந்தாய். ஆறு வாரம் வீட்டோடு இருக்க வேண்டும், டிவியில் இருந்த ஆப் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று பையன் சொல்கிறான், ஆனால் உனக்கு மனம் வரவில்லை. பையன் அக்கறையில்தான் சொல்கிறான். இருந்தாலும் அவசரப்படாதே. படம் தெளிவாக வருகிறது, சத்தம் கேட்கிறது என்றால் டிவி நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்திருக்கும் குட்டிக் கணினிக்குத்தான் வயதாகிவிட்டது. அது செய்த வேலையை, இணைய நிகழ்ச்சிகளை டிவியில் காட்டும், விரல் நீளத்தில் இருக்கும் ஒரு ஸ்டிக்கை வெளியே செருகிச் செய்துகொள்ளலாம்.

அப்பாவின் டிவியை வைத்துத்தான் நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். அது 2011ல் வாங்கியது. அவருக்கு வாரத்தில் 3 நாள் டயாலிசிஸ் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது மாலை நேரம். பல வருடமாக விடாமல் பார்த்துவந்த இசை நிகழ்ச்சியும் அதே நேரத்தில்தான். முதல் வாரம் கேட்டபோது "போகட்டும் விடும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை. உப்பு போயிற்று, வெளியூர்ப் பயணம் போயிற்று, குடிக்கும் தண்ணீருக்குக்கூட அளவு வந்தது. இதையாவது அவருக்கு மீட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த டிவியிலும் ஆப் இருந்தது. ஆனால் திறந்தால், இந்தக் கருவியில் இனி இந்தச் சேவை கிடைக்காது என்று ஒரு வரி வந்து நிற்கும். நாங்கள் எதையோ தவறாக அழுத்திவிட்டோம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நீயும் அப்படி நினைத்துக்கொண்டிருப்பாய், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2015ல் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை நிறுத்தியபோது, 2012லும் அதற்கு முன்பும் வந்த டிவிகள் பலவற்றில் அந்த ஆப் வேலை செய்யாமல் போனது. 2019 டிசம்பர் முதல் நெட்ஃபிளிக்ஸும் சில பழைய டிவிகளில் வருவது நின்றது. வீட்டில் இருப்பவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆப் என்பது டிவிக்குள் மட்டும் இருப்பதல்ல. தினமும் வெளியே உள்ள சர்வரோடு, அதாவது அந்தச் சேவையை நடத்தும் கணினியோடு, பேசிக்கொண்டிருப்பது. அந்தப் பக்கம் பேச்சு மாறினால் இந்தப் பக்கமும் மாற வேண்டும். டிவி கம்பெனிகள் முதல் சில வருடம்தான் அந்த மாற்றங்களை அனுப்பும், அப்புறம் புது மாடல்களைக் கவனிக்கப் போய்விடும்.

படத்தைச் சுருக்கி அனுப்பும் முறையும் மாறிக்கொண்டே இருக்கிறது. எச்.264 என்ற முறை 2003ல் வந்தது, எச்இவிசி 2013ல், ஏவி1 2018ல். புது முறையில் வரும் படத்தைப் பழைய சிப்பால் விரிக்க முடியாது. இன்னொன்று சான்றிதழ். எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று பார்க்க ஒவ்வொரு கருவிக்குள்ளும் சில நம்பகச் சான்றிதழ்களைப் போட்டு அனுப்புவார்கள். அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று அப்படி ஒரு முக்கியமான சான்றிதழ் காலாவதியாகி, பல பழைய கருவிகளுக்கு இணையத்தோடு பேச்சே நின்றுபோனது. டிவியின் கடிகாரம் தவறான தேதியில் நின்றாலும் இதே கோளாறு வரும். அதனால் உன் டிவியில் தேதி சரியாக இருக்கிறதா என்று முதலில் பார். சில சமயம் அதைச் சரிசெய்தாலே ஆப் திரும்ப வந்துவிடும்.

திரை இப்படிக் கிழடு தட்டுவதில்லை. அதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். எச்டிஎம்ஐ என்ற இணைப்பு 2002 கடைசியில் வந்தது. இன்று கடையில் வாங்கும் ஸ்டிக்கும் அதே துளையில்தான் பொருந்துகிறது. பத்துப் பதினைந்து வருடம் உழைக்கக்கூடிய திரையை, நாலைந்து வருடத்தில் பழசாகும் கணினியோடு ஒட்டவைத்து விற்கிறார்கள். புது டிவி வாங்கினாலும் இதே கதைதான் திரும்ப நடக்கும். ஸ்டிக் பழசானால் ஸ்டிக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு நல்ல கண்ணாடியையும் உலோகத்தையும் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் ஒப்பவே இல்லை.

டிவிக்குப் பின்னால் எட்டிப் பார். தட்டையாக, கீழ் மூலை இரண்டும் சரிந்தாற்போல ஒரு துளை இருக்கும், பக்கத்தில் எச்டிஎம்ஐ என்று எழுதியிருக்கும். அது இருந்தால் போதும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளை மட்டும்தான் என்றால், நடுவில் எச்டிஎம்ஐயை ஏவி என்ற அந்தப் பழைய இணைப்பாக மாற்றும் ஒரு குட்டிப் பெட்டி வேண்டும். படம் பழைய தரத்தில்தான் வரும், எழுத்துகள் மங்கும், சில ஆப்கள் அதன் வழியாக ஓட மறுக்கும். பாட்டு கேட்க அது போதும். ஆனால் உனக்கு அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

அப்பா வீட்டில் ஸ்டிக்கைச் செருகியதும் படம் வந்தது. ஐந்து நிமிடத்தில் அணைந்தது, திரும்ப வந்தது, திரும்ப அணைந்தது. ஸ்டிக் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். காரணம் மின்சாரம். ஸ்டிக்கின் ஒயரை டிவியின் யூஎஸ்பி துளையில் செருகியிருந்தேன். பழைய டிவிகளில் அந்தத் துளை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் கொடுக்கும். ஸ்டிக் கேட்பது 1 ஆம்பியர். கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் உள்ள ப்ளக் பாயிண்டில் செருகியதும் அந்தத் தொல்லை அடியோடு போய்விட்டது. நீ ஆரம்பத்திலேயே சுவரில் செருகிவிடு.

அடுத்து சத்தம். யூடியூப் பேசியது, வேறு ஒரு ஆப்பில் படம் மட்டும் ஊமையாக ஓடியது. ஸ்டிக் டால்பி முறையில் ஒலியை அனுப்புகிறது, பழைய டிவிக்கு அது புரியவில்லை, அவ்வளவுதான். ஸ்டிக்கின் ஆடியோ செட்டிங்கில் பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்று மாற்றியதும் வந்துவிட்டது. சப்டைட்டிலின் கீழ் வரி வெட்டுப்படுவதும் உண்டு. பழைய டிவிகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை விழுங்கிவிடும் வழக்கம் உள்ளவை. டிவியின் படச் செட்டிங்கில் ஸ்க்ரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன் என்று ஏதாவது ஒரு பெயரில் அதற்குத் தீர்வு இருக்கும்.

வைஃபைக்கு ஒரு வார்த்தை. ஸ்டிக் டிவியின் முதுகில் ஒட்டி உட்காருவதால் சிக்னலை டிவியே மறைத்துவிடும். நிறைய ஸ்டிக்குகளோடு ஒரு ஜாண் நீள எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் தருகிறார்கள். அதைப் போட்டு ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே தொங்கவிடு. வேகம் பற்றிப் பயப்படாதே. முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் இருந்தால் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ், ஒரு படி குறைந்த 720பி தரத்துக்கு 3 போதும். உன்னுடையது எச்டி ரெடி என்று ஒட்டியிருந்த டிவிதானே? அந்த மாதிரித் திரைகளில் 1366க்கு 768 புள்ளிகள்தான் இருக்கும். அதைவிடப் பல மடங்கு புள்ளிகள் உள்ள திரைக்கான 4கே ஸ்டிக்குக்குக் கூடுதல் பணம் கொடுக்காதே. டேட்டாவுக்கு வரம்பு இருக்கிறதென்றால் ஆப்பிலேயே தரத்தை ஒரு படி குறைத்து வை. எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும்.

பெயர் தெரியாத பெட்டிகளை மட்டும் வாங்கவே வாங்காதே. எல்லாச் சேனலும் எல்லாப் படமும் வாழ்நாள் முழுக்க இலவசம் என்று சொல்லி விற்பார்கள். அவற்றில் சில தயாரிப்பிலேயே கெட்ட மென்பொருளோடு வருகின்றன. வீட்டு இணைய இணைப்பை வேறு யாரோ திருட்டு வேலைக்குப் பயன்படுத்துவார்கள். பேட்பாக்ஸ் 2.0 என்று அழைக்கப்படும் இந்த மோசடி பற்றி 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே எச்சரித்தது. முறையான அங்கீகாரம் இல்லாத ஆண்ட்ராய்டு பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் ஓடினாலும் மங்கலான தரத்தில்தான் ஓடும். உன் பாஸ்வேர்டையும் கார்டு எண்ணையும் நம்பிக் கொடுக்கப் போகிறாய். பெயருள்ள ஸ்டிக்காக வாங்கு.

விட்டுப்போன நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். சேனல்களின் சொந்த ஆப்பிலோ யூடியூப் பக்கத்திலோ நேற்று ஓடியது இன்று இருக்கும். ஆனால் இது நாம் பதிவுசெய்து வைத்துக்கொண்டது மாதிரி அல்ல. உரிமை எத்தனை நாளோ அத்தனை நாள்தான் இருக்கும். சிலது ஒரு வாரம், சிலது ஒரு மாதம், சிலது வருவதே இல்லை. பிடித்த தொடரை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தால் ஒருநாள் காணாமல் போயிருக்கும். சில ஆப்கள் இன்னும் எத்தனை நாள் என்று படத்தின் கீழே காட்டும். முதலில் போகப்போவதை முதலில் பார்.

அப்பாவுக்கு ஸ்டிக்கின் ரிமோட் பிடித்துப்போனது, பொத்தான் குறைவு என்பதால். அவர் திணறியது ஒரே இடத்தில். டிவியைப் போட்டால் பழைய செட்டாப் பாக்ஸ் பக்கம் வந்து நிற்கும். சோர்ஸ் பொத்தானை அழுத்தி எச்டிஎம்ஐக்கு மாற வேண்டும். மூன்று நாள் அதற்காகப் போன் செய்தார். நாலாவது நாள் கேட்காமலே விட்டுவிட்டார் என்று அம்மா சொன்னபோது எனக்குத் துக்கமாகிவிட்டது. அப்புறம் டிவி செட்டிங்கில் சிஇசி என்ற வசதியைத் திறந்துவிட்டேன். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். அதைத் திறந்தால் ஸ்டிக் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினாலே டிவி எழுந்து சரியான பக்கத்துக்கு வந்துவிடும். எல்லாப் பழைய டிவியிலும் இது இருக்காது. உன்னுடையதில் இல்லையென்றால் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குக் கீழே ஒட்டிவிடு.

முதல் முறை அவர் முழு நிகழ்ச்சியையும் பார்த்த காலை எனக்கு மறக்காது. டயாலிசிஸுக்கு மறுநாள், உடம்பு அசதி. பாதியில் திரும்பி, "இதைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோக முடியுமா?" என்று கேட்டார். ஒரே வரியை மூன்று தடவை கேட்டார். நேரில் ஓடும்போது இது கிடைக்காதே என்றார். இப்போது மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியிலேயே, நாளைக் காலைக்கு என்ன வந்திருக்கும் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். குனியாதே, பையனை விட்டு டிவியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொல், மாடல் எண் எழுதிய ஸ்டிக்கரும் தெரிகிற மாதிரி. எனக்கு அனுப்பு. எந்தத் துளை, எந்த ஒயர், எந்த ஸ்டிக் என்று நான் எழுதி அனுப்புகிறேன். மாட்டும் அன்று போனில் கூடவே இருக்கிறேன். அப்பா உன்னை விசாரித்தார். கால் ஆறுவதற்குள் நல்ல தொடராக இரண்டு பார்த்துவிடலாம் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் தோழி