நாலாம் மாடி அம்மாவுக்காக ஓடி வந்தவர்களுக்கு

ரங்கூன் மொகல் தெருக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துத் தெரு உறவுகளுக்கும் வணக்கம்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள் நல்லபடியாக முடிந்தது. வீடு வீடாக வந்து கையைப் பிடித்துச் சொல்ல வேண்டிய நன்றி இது. என் முழங்கால் ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் படி ஏறாது என்பதால் எழுத்தில் சொல்கிறேன். மன்னிக்கவும்.

முதல் நன்றி அம்மாவைக் கீழே இறக்கிய பிள்ளைகளுக்கு. ரங்கூன் மாடிப்படியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அன்று கரண்டும் இல்லை. ஆறு பேர், அதில் இரண்டு பேர் பர்மியப் பிள்ளைகள், போன் வெளிச்சத்தில் இறக்கினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் ஒருவன், "மெதுவா, அமேஜி கால் சுவத்துல இடிக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அமேஜி என்றால் பர்மியத்தில் வயதான அம்மா. அவன் குரல் இன்னும் காதில் இருக்கிறது. முந்தின இரவு மூச்சுத் திணறியபோது நாங்கள் கூப்பிட்ட வண்டி ஒன்று 'வருகிறோம், வருகிறோம்' என்று சொல்லி வராமலே போனது. அதை இப்போது கிளறி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அம்மா 1934இல் இதே ரங்கூனில் பிறந்தவர். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஏழு வயது. ஊரே இந்தியாவுக்கு நடந்தபோது தாத்தா மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெகு பக்கம் சொந்தக்காரர் வயலுக்குப் போய்விட்டார். 1964இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு சித்தி குடும்பம் மதராஸுக்குக் கப்பலேறியது. அம்மா ஏறவில்லை. ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லுவார். படுக்கையில் கிடந்த மாமனாரைக் கப்பலில் ஏற்ற முடியாது என்பார். சுங்கக்காரன் முன்னால் காதுத் தோட்டைக் கழற்ற மனசில்லை என்பார். ஒருநாள் "சும்மாதாண்டி" என்றார். எனக்கு அதுதான் உண்மை என்று படுகிறது.

1987ஐப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் வெறும் காகிதமாகிவிட்டன. மாற்றித் தரவும் இல்லை. அம்மா அப்போது தெருப் பெண்களுக்குச் சீட்டு நடத்திக்கொண்டிருந்தார். அன்று கையில் இருந்த சீட்டுப் பணம் முழுக்க எழுபத்தைந்து. அடுத்த வாரம் அதை எடுக்க வேண்டியவர் வீட்டில் கல்யாணம். "நீங்க என்னக்கா பண்ணுவீங்க, விடுங்க" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அம்மா விடவில்லை. இரண்டு வளையலை விற்று அந்தக் கல்யாணத்துக்குக் கொடுத்தார். மற்றவர்களுக்காக விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவாட்டி, தெருமுனையில் இட்லியும் தோசையும் விற்றார். பர்மியர்கள் 'தோஷே, தோஷே' என்று கேட்டு வாங்கித் தின்பார்கள். கடைசிப் பாக்கி தீர மூன்று வருஷம் ஆனது. மாவாட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. அப்போது அம்மாமேல் எனக்கு இருந்தது கோபம்தான், மறைக்கவில்லை.

நம் பால்கனிகளில் மணியும் கிளிப்பும் மாட்டித் தொங்கும் கயிற்றில் ஊரார் பேப்பரை மேலே இழுப்பார்கள். அம்மாவின் கயிற்றில் கீழே இறங்கியதுதான் அதிகம். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவருக்குத் தூக்கில் ரசம், எதிர்வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊறுகாய், யாருக்கோ காய்ச்சல் மாத்திரை. கடைசி இரண்டு வருஷம் படியிறங்க முடியாதபோது அவர் தெருவுக்குப் போய் வந்தது அந்தக் கயிற்றில்தான். 2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு மண்டலேக்கு அனுப்பத் துணி சேர்த்தபோதுகூட, கட்டிலில் உட்கார்ந்தே ஊருக்கெல்லாம் போன் போட்டு, மூட்டையைக் கயிற்றில் இறக்கச் சொன்னார்.

அம்மா போன காலை, ஆறு மணி இருக்கும், மணி அடித்தது. பழக்கதோஷத்தில் போய் இழுத்தேன். கிளிப்பில் வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரம். எட்டிப் பார்த்தால் கீழே யாரும் இல்லை. கட்டியது யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அம்மா தலையில் அந்தப் பூவைத்தான் முதலில் வைத்தேன். உங்களுக்கும் நன்றி.

அடுப்பெரியாத நாட்களில் கீழ்வீட்டு பாய் குடும்பம் புதுப் பாத்திரம் வாங்கிச் சைவமாகச் சமைத்து மூன்று வேளையும் அனுப்பியது. இரண்டாம் மாடிப் பர்மிய அக்கா எங்களிடம் கேட்டுக்கொண்டு, ஏழாம் நாள் அம்மா பெயரில் பிக்குகளுக்குச் சோறு கொடுத்தார். வந்தவர்களுக்கு விசிறியும் அவர் செலவுதான். தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் மூடிப்போன காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை இல்லாத முன்னறையில் ஆனா ஆவன்னா படித்த பெண்கள், இப்போது பாட்டிகள், பக்கத்தில் உட்கார்ந்து சிவபுராணம் முழுக்கப் பாராமல் சொன்னார்கள். காளியம்மன் கோயில்காரர்கள், ஏவே சுடுகாடுவரை கூட வந்தவர்கள், சென்னையிலிருந்து லைன் அறுந்து அறுந்து கூப்பிட்ட சித்தி பிள்ளைகள், ஐஸ் கட்டி தூக்கி வந்தவர், எல்லாருக்கும் கும்பிடு. விட்டுப்போன பெயர் இருந்தால் அது என் மறதி, அம்மா மறந்திருக்க மாட்டார்.

இன்னொரு விஷயம். உங்கள் பாத்திரங்கள் பதினொன்று எங்கள் அடுப்படியில் இருக்கின்றன. சிவப்புப் பூப்போட்ட எனாமல் மூடி ஒன்று, கைப்பிடியில் நீல நூல் கட்டிய தூக்கு ஒன்று, இவை யாருடையவை என்றே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கீழே நின்று மணியை அடியுங்கள், கயிற்றில் இறக்குகிறேன். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள், உள்ளே சூடாக இருக்கும்.