ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் ரேடியேட்டர் கடைப் பையன்களும் பார்த்தார்கள். உன் வண்டியில் இன்ஜினை ஆற்றும் திரவம், அந்தக் கூலன்ட் இருக்கும் டப்பா மூடியின் உட்புறம் கேழ்வரகுக் கூழ் காய்ந்ததுபோல அப்பியிருக்கிறது. போனில் விளக்க ஆரம்பித்தால் "மீட்டிங்மா, அப்புறம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். புனே மெக்கானிக்கிடம் மறுபடி போகும் முன் ஒரு தடவை முழுசாகப் படி.

அவர் மூடியைத் திறந்ததுமே "ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டை இறக்கணும்" என்றாராம். ஹெட் என்பது இன்ஜினின் மேல்பாகம், கேஸ்கட் அதற்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் தகடு. இருக்கலாம். ஆனால் மூடியைத் திறந்து பார்த்து மட்டும் யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. கூலன்ட்டில் ஆயில் சேர வேறு வழியும் உண்டு. அதைச் சோதித்துப் பார்க்க ஆகும் செலவு, ஹெட்டைக் கழற்றும் கூலியில் கால்வாசி கூட வராது.

முதலில் அது ஆயில்தானா என்று தெரிய வேண்டும். கம்பட்கி காட் ஏறி இறங்கியதும் சாத்தாரா பக்கம் ஏதோ பங்கில் கூலன்ட் ஊற்றியதாகச் சொன்னாயே, என்ன நிறம்? பச்சையும் ரோஸும் ஒத்துக்கொள்ளாத ஜாதியாக இருந்தால் இரண்டும் சேர்ந்து இப்படித்தான் சேறாகும். நம்மூர் லாரிக்காரர்கள் ரேடியேட்டர் ஒழுக்குக்கு மஞ்சள்தூள் போடுவார்கள். அதையும் ஆயில் என்று பதறிக் கடைக்கு ஓட்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். நீ வாங்கியது பழைய வண்டி. முன்னால் வைத்திருந்தவர் என்ன போட்டாரோ! கண்ணாடி பாட்டிலில் சுடுதண்ணீர் எடுத்து அந்தச் சேற்றில் ஒரு ஸ்பூன் போட்டுக் குலுக்கி வை. ஆயில் இருந்தால் மேலே கண்ணு கண்ணாக மிதக்கும், விரலில் தொட்டால் வெறும் தண்ணீரில் கழுவிப் போகாது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் தொடணும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

ஆயில்தான் என்றால் டிப்ஸ்டிக்கை, அதுதான் இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பி, உருவிப் பார். உன் வண்டி டீசல், ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும். வெளுத்துக் குழம்பியிருந்தாலோ, அளவு கூடியிருந்தாலோ சாவியையே போடாதே. கூலன்ட் கலந்த ஆயிலில் ஓடினால் பேரிங் தேய்ந்துவிடும், அப்புறம் ஹெட் வேலையோடு முடியாது. ஆயில் ஊற்றும் மூடிக்குள் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை இருந்தால் பயப்படாதே. மழைக்காலத்தில் ஆபீசுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுகிற வண்டியில் ஈரம் படிந்து அப்படி வரும்.

டிப்ஸ்டிக் சுத்தம், கூலன்ட்டில் மட்டும் ஆயில் என்றால் எனக்கு முதலில் ஆயில் கூலர் மேல்தான் சந்தேகம் வரும். ஆயில் ஃபில்டர் பக்கத்திலேயே இருக்கும், ஆயிலை ஆற்றும் சின்ன அலுமினியப் பெட்டி அது. உள்ளே தகடு தகடாக அடுக்கு. ஒரு தகட்டுக்கு இந்தப் பக்கம் ஆயில், அந்தப் பக்கம் கூலன்ட். வண்டி ஓடும்போது ஆயில் பிரஷர் மூன்று நான்கு கிலோ இருக்கும், கூலன்ட்டில் ஒரு கிலோ சொச்சம்தான். தகட்டில் ஊசித்துளை விழுந்தால் எது எதற்குள் போகும் என்று நீயே பார்த்துக்கொள். வண்டியை நிறுத்தியதும் ஆயில் பிரஷர் பூஜ்யமாகிவிடும், சூட்டில் இருக்கும் கூலன்ட் கொஞ்ச நேரம் அழுத்தத்தோடு நிற்கும். அப்போது கதை தலைகீழ். அதனால் இன்று டிப்ஸ்டிக் சுத்தம் என்று நம்பி நாளைக்கும் ஓட்டாதே. டோ போட்டு, வேறு வண்டியால் இழுத்தே கொண்டு போ.

அந்தக் கூலரைக் கழற்றி, ஆயில் வழியில் ஒரு துவாரத்தை அடைத்து, மற்றதில் கம்ப்ரஸர் காற்றை நான்கைந்து கிலோ கொடுத்து, தண்ணீருக்குள் அமுக்கிப் பார்க்கச் சொல். தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். இதில் விடாப்பிடியாக இரு. பச்சைத் தண்ணீரில் ஒன்றுமே காட்டாத கூலர், கொதிக்கிற தண்ணீரில் மெல்லிய நூல்போலக் குமிழி விடுவதை நம் கடைத் தொட்டியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சூட்டில் விரிந்தால்தான் அந்த வெடிப்பு வாய் திறக்கும். கூலர் உட்காரும் இடத்து ரப்பர் சீலையும் பார்க்கச் சொல். சில சமயம் கூலர் நன்றாக இருக்கும், சீல் நைந்திருக்கும்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பலவற்றில் கியர் ஆயிலும் ரேடியேட்டருக்குள்ளேயே ஆறுகிற அமைப்பு இருக்கும். அது கலந்தால் கூலன்ட் ரோஸ் நுரையாக வரும். உன்னுடையது மேனுவல், அந்தக் கவலை இல்லை.

ஹெட் கேஸ்கட்டுக்கு அடையாளம் வேறு. காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வரும். மூடியிருந்தால், இன்ஜின் சூடேறும் முன்பே ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாய், அந்த ஹோஸ், கல்லாக இறுகும். வெள்ளைப் புகை வரும், கூலன்ட் அடிக்கடி குறையும். டப்பா வாயில் வைக்கும் குழாயில் நீல மருந்து ஊற்றி, கூலன்ட்டுக்குள் வந்த இன்ஜின் புகையால் அதன் நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. பெட்ரோல் வண்டிக்கு நல்லது. டீசலில் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் சும்மா ஓடவிட்டுப் பார்த்தால், மாறவில்லை என்பதை நம்ப முடியாது. ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: கேஸ்கட்டில் ஆயில் வழிக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவில் மட்டும் அரித்திருந்தால் குமிழியும் வராது, புகையும் வராது. அதனால் கூலர் தேறிவிட்டால் மெக்கானிக் சொன்னதுதான் சரி, ஹெட்டைக் கழற்றட்டும். கழற்றினால் ஹெட் வளைந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று சோதிக்காமல் புது கேஸ்கட்டை வைத்து மூட விடாதே. போல்ட்டும் புதிது போடட்டும்.

எது போயிருந்தாலும் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை, அதில்தான் எல்லோரும் கைவிரிப்பார்கள். பித்தளை ரேடியேட்டர் காலத்தில் ஈயத்தை உருக்கி டேங்கைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டு இழுப்போம். இப்போது அலுமினியமும் பிளாஸ்டிக்கும், பிரித்துச் செய்ய வழியில்லை. நுரை அதிகம் வராத சோப்புக் கரைசலை ஊற்றி, இன்ஜினைச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து வடிக்க வேண்டும். ஹீட்டரை மறந்தால் டாஷ்போர்டுக்குள் தங்கிய ஆயில் மறுபடி டப்பாவுக்கு வரும், நீயும் வேலை சரியில்லை என்று சண்டைக்குப் போவாய். தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யட்டும். டீசல் ஊற்றிக் கழுவுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல், ரப்பர் ஊதிப்போகும். ஆயில் பட்ட ஹோஸை அமுக்கிப் பார், கொழகொழவென்று இருந்தால் மாற்று. சூட்டுக்குத் தக்கபடி கூலன்ட்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டும், டப்பா மூடியும் எப்படியும் மாற்று. கடைசியில் ஒரே ஜாதிக் கூலன்ட், டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி. இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் புதிது.

வடித்த கூலன்ட்டைத் திறந்த வாளியில் விடக் கூடாது. இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும். உன் அபார்ட்மென்ட் வாசலில் எத்தனை சுற்றுகிறது என்று நான் வந்தபோதே பார்த்தேன்.

கூலரைத் தொட்டியில் அமுக்கும்போது வீடியோ எடுத்து அனுப்பு. மெக்கானிக்கிடம் குரலை உயர்த்தாமல் கேள், ஒரு சோதனைதானே. பணம் குறைந்தால் கூச்சப்படாமல் சொல். பொங்கலுக்கு அந்த வண்டியில் கிளம்பாதே சாமி, ரயிலுக்கு இப்போதே டிக்கெட் போட்டுவிடு.

அம்மா
கோயம்புத்தூர்